காலடித் தண்ணீர்

நாச்சம்மாள் பதினெட்டு வயதில் முதல் பந்தயத்தில் நீந்தியபோது கரைக்கு வந்து சேரவில்லை. பாலக்காட்டுப் பக்கம் ஓர் அணையில் ஓணத்தையொட்டி நடந்த பந்தயம் அது. வேலந்தாவளத்துக்குப் பக்கத்துக் கடலைக் காட்டுக்காரர் மகள், அண்ணன்களோடு தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் படித்தவள், ஆண்களுக்கு நடுவே இறங்கி எல்லோரையும் முந்திக்கொண்டு போனாள். அணையின் பாதியைத் தாண்டும்வரை அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. பிறகு கைகள் இரண்டும் ஈரச் சாக்கு மூட்டையைப் போலக் கனத்துவிட்டன. எதிர்க்கரையில் நின்றவர்களின் முகம் தெரிகிற தூரத்தில் அவளை வள்ளத்தில் தூக்கிப் போட்டார்கள். பொட்டைப் பிள்ளைக்கு அவ்வளவுதான் என்று கரையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கரையில் நின்றவர்களில் ஆறுமுகசாமியும் ஒருவன். வாளையார் அணைக்கு அருகில் அவனுக்கு நிலம் இருந்தது. அந்தப் பெண் கரையேறுவதைப் பார்க்க முடியாமல் போனது அவனை ஏதோ செய்தது. அடுத்த வருஷம் சொந்தக்காரர்கள் மூலம் பெண் கேட்டுக் கட்டிக்கொண்டான். இரண்டு குழந்தைகள் பிறந்து, மூத்தவள் மருதாத்தாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், அவனாகவே வள்ளம் ஒன்றை வாங்கி அணையில் விட்டான். எதற்கு என்று நாச்சம்மாள் கேட்டதற்கு, நீ இறங்கு, நான் கூட வருகிறேன் என்றான்.

முப்பது வயதில் அவள் மறுபடியும் தண்ணீருக்கு வந்தாள். அண்ணனின் அரைக்கால் சட்டையும் தானே தைத்துக்கொண்ட இறுக்கமான ரவிக்கையும்தான் உடுப்பு. ஊரில் என்னென்னவோ பேசினார்கள். ஆறுமுகசாமி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உடம்பு பழைய உடம்பாக இல்லை. தொடக்கத்தில் முன்போல வெடித்துக் கிளம்ப முடியவில்லை. ஒரு நாள் நெடுந்தூரம் நீந்தினால் அடுத்த நாள் வலது தோளைத் தூக்க முடியாது. மகளுக்குத் தலை பின்னி விடக்கூட இடது கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஆனால் வேறொன்று வந்திருந்தது. பதினெட்டு வயதில் கைகள் முன்னால் போகும், புத்தி பின்னால் தடுமாறி வரும். இப்போது புத்தி முன்னால் போய் நின்றுகொண்டு கைகளைக் கூப்பிட்டது. கணவாய்க் காற்று கிழக்கேயிருந்து அடிக்கும் மாதங்களில் அலைக்கு முதுகு கொடுத்து மூச்சு வாங்கப் பழகினாள். காற்று திரும்பினால் நேரே போகாமல் கரையோரம் சுற்றிப் போவது உண்மையில் குறுக்கு வழி என்று தெரிந்துகொண்டாள். பசிப்பதற்கு முன்பே வள்ளத்திலிருந்து கேழ்வரகுக் கூழை வாங்கிக் குடித்தாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தை ஒன்றையும் கற்றிருந்தாள். முன்னால் நீந்துகிறவரின் காலடியில் கலங்கும் தண்ணீர், பின்னால் வருகிறவரைத் தானாகவே இழுத்துக்கொண்டு போகும். அதில் ஒட்டிக்கொண்டால் பாதி பாடு மிச்சம். பாடுபடுகிறவர் முன்னால் போகிறவர்.

இப்படி நீந்தி, தன்னில் பாதி வயதுப் பெண்களை அவள் தோற்கடித்தாள். நாலைந்து வருஷத்தில் மாநிலச் சங்கத்தில் அவள் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது.

வங்காளத்தில் ஆற்றில் ஒரு நெடுந்தூரப் பந்தயம் வருஷந்தோறும் நடக்கும். விடியலில் இறங்கினால் பொழுது சாயும்போதுதான் கரையேற முடியும். அதற்கு மாநிலத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாகச் சங்கம் முடிவு செய்திருந்தது. யாரை அனுப்புவது என்பதற்கான தேர்வு, தேவிகுளத்துக்கு மேலே தேயிலைக் காடுகளுக்கு நடுவே இருந்த ஓர் அணையில். அந்தக் குளிரில் தாங்கினால் எந்தத் தண்ணீரிலும் தாங்குவார்கள் என்பது சங்கத்துச் செயலாளர் ஏசுரத்தினத்தின் எண்ணம்.

எழுபத்தாறாம் வருஷம் நடந்த தேர்வில் நாச்சம்மாளைக் குளிர் தோற்கடித்தது. வலித்துக்கொண்டே இருந்த குளிர் திடீரென்று வலிக்காமல் போனதும், உடம்பெல்லாம் இதமாகச் சூடேறியதும் மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது. வள்ளத்திலிருந்து ஆறுமுகசாமி மகளின் பெயரைக் கேட்டானாம். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு கரைக்குத் துடுப்புப் போட்டான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்பீர்கள் என்று வைத்தியர் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் நெய்யும் கடலையுமாகத் தின்று உடம்பில் சதை ஏற்றினாள். குளிருக்குச் சதைதான் கம்பளி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

எழுபத்தெட்டு தை மாதம் மறுபடியும் தேர்வு வந்தது. இதுதான் கடைசி, அடுத்த வருஷத்திலிருந்து முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதாக இல்லை என்று ஏசுரத்தினம் சொல்லியனுப்பியிருந்தார். நாச்சம்மாளுக்கு அப்போது முப்பத்தாறு.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். ராமுத்தாய் என்று பெயர், பத்தொன்பது வயது. பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் இருப்பவள். அப்பா ராக்கப்பன் தேயிலை ஃபாக்டரியில் வேலை. மெலிந்த, நீளமான உடம்பு. அந்த மலைத் தண்ணீரில் விளையாடி வளர்ந்தவள். வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று நாச்சம்மாள் கேள்விப்பட்டிருந்தாள். இத்தனை நீளம் இதுவரை நீந்தியதில்லை என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சொன்னாள். ரொம்ப நேரம் குளிரில் கிடந்தால் என்ன ஆகும், உடம்பில் ஏதாவது பூசிக்கொள்ள வேண்டுமா, அக்கா போன தடவை இறங்கினீர்களே என்று கேட்டாள்.

அறை மூலையில் ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் சேர்த்துக் காய்ச்சிய களிம்பு டப்பா இருந்தது. நாச்சம்மாள் அதன் மேல் துண்டைப் போட்டாள்.

"உனக்கென்ன கண்ணு, நீ இந்தத் தண்ணியிலயே பொறந்தவ. எங்களுக்குத்தான் குளிரு" என்றாள்.

ராமுத்தாய் சிரித்தபடி போய்விட்டாள். ஆறுமுகசாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். 

காலையில் ஏசுரத்தினம் விதிகளைச் சொன்னார். அணைச் சுவரிலிருந்து கிளம்பி மறுகோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அப்படி இரண்டு தடவை. ஒவ்வொருவருக்கும் ஒரு வள்ளம், அதில் அவரவர் வீட்டு ஆள். வள்ளத்தைத் தொடக்கூடாது, வள்ளம் நீந்துகிறவரை விட்டுப் போனாலும் அவருக்குத் தேர்விலிருந்து விலக்கம். வள்ளக்காரர் எல்லோருக்கும் ஒரு விசில் கொடுத்தார்கள். ஆபத்தென்றால் ஊத வேண்டும். ஊதினால் மோட்டார் படகு வரும், எல்லோரும் ஏறிவிட வேண்டும், தேர்வு இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கப்படும்.

இறங்கிய பெண்களில் முதல் சுற்றிலேயே மற்றவர்களெல்லாம் விறைத்துப்போய் வள்ளம் ஏறிவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர். ராமுத்தாய் வெகுதூரம் முன்னால் இருந்தாள். நாச்சம்மாள் அவசரப்படவில்லை. அந்தப் பெண் தலை தூக்கிப் பார்க்காமல் கோணல்மாணலாகப் போகிறாள் என்பதைக் கவனித்தாள். மறுகரையில் நின்ற ஒற்றை மரத்தைக் குறிவைத்துத் தான் நேராகப் போனாள். இரண்டாம் சுற்றில் மறுகோடியைத் தொட்டுத் திரும்பும்போது ராமுத்தாயின் பாதங்கள் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

காலடித் தண்ணீரில் அவள் ஒட்டிக்கொண்டாள். பின்னால் ஆள் இருப்பது தெரிந்ததும் ராமுத்தாய் வேகம் எடுத்தாள். நாச்சம்மாள் விட்டுக்கொடுத்தாள், சற்று நேரத்தில் மறுபடியும் வந்து ஒட்டினாள். மறுபடியும் அந்தப் பெண் பாய்ந்தாள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அவள் உடம்பிலிருந்து எவ்வளவு கரைகிறது என்று நாச்சம்மாளுக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதில் அவளும் அப்படித்தான் கரைந்தாள். இரண்டு தடவை வேண்டுமென்றே விரல் நுனியால் அந்தப் பாதத்தைத் தொட்டு உசுப்பிவிட்டாள்.

அப்போதுதான் மலையிலிருந்து மஞ்சு இறங்கியது. கரை மறைந்தது. ராக்கப்பனின் வள்ளம் பழையது. ஒழுகிய தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்ததில் அது பின்தங்கி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. மோட்டார் படகின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. அந்த வெள்ளைப் புகைக்குள் இரண்டு பெண்களும் வள்ளத்தில் ஆறுமுகசாமியும் மட்டும் இருந்தார்கள்.

ராமுத்தாயின் கால் அடிப்பது நின்றது. கைகள் அகலமாக விழுந்தன. அவள் நீந்துவதை விட்டுவிட்டுத் திரும்பி, நாச்சம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். உதடுகள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. "சூடா இருக்குக்கா" என்று குழறினாள்.

அந்தச் சூடு எது என்று அந்த அணையிலேயே நாச்சம்மாளுக்குத்தான் தெரியும். அவளை இழுத்துப் போட்ட ஆறுமுகசாமிக்கும் தெரியும். அவன் துடுப்பை நிறுத்திவிட்டான்.

"புள்ள, அதுக்கு முடியல. நான் போயித் தூக்கிப் போட்டுக்கட்டுமா?"

"அவிய வள்ளம் பின்னாலதான வருது. நீங்க என்றகூட வாங்க."

"மஞ்சுல ஒண்ணுந் தெரியலையே, நாச்சா."

"வாங்க மாமா. எனக்கு அடுத்த வருசம் இல்லீங்."

ஆறுமுகசாமி அந்தப் பெண்ணைப் பார்த்தான். விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். நாச்சம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போன பிறகு பக்கத்தில் துடுப்பின் சத்தம் கேட்டது. விசில் சத்தம் கேட்கவில்லை. கரை வரும்வரை அவன் அதைப் பல்லில் கடித்தபடியே வந்தான்.

அவள் எழுந்து நடந்தே கரையேறினாள். ஏசுரத்தினம் கம்பளியைப் போர்த்தி, இந்த வயதில் இப்படி ஒரு நீச்சலைத் தான் பார்த்ததில்லை என்றார். அந்தப் பெண் எங்கே என்று கேட்டார். பின்னால் வருகிறாள் என்று நாச்சம்மாள் சொன்னாள். மோட்டார் படகு மஞ்சுக்குள் தேடிப் போனது. ராக்கப்பனின் துடுப்புதான் முதலில் அவள் மேல் தட்டியது. வள்ளத்தில் வைத்துக் கொண்டுவந்தபோது ராமுத்தாயிடம் மூச்சு இருந்தது, வேறொன்றும் இல்லை.

அவள் சாகவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போய்ச் சளி கட்டி, வெகுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தேர்வுக்கு மறுநாள், ஊருக்குக் கிளம்புமுன் புருஷனும் பெண்டாட்டியும் பார்க்கப் போனார்கள். அவள் கண் திறக்காமல் கிடந்தாள். ராக்கப்பன் அவர்களைப் பார்த்ததும் எழுந்து கையைக் கூப்பினார். அழுது அழுது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒழுகுகிற வள்ளம் என்று தெரிந்தும் எடுத்துப் போனது தன் தப்பு, தண்ணீரை இறைக்கக் குனிந்த நேரத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீங்க முன்னாடி போயிட்டிக. அந்த மஞ்சுல ஒங்களுக்கு எப்புடித் தாயி தெரியும்? பெத்தவன், எனக்கே தெரியலையே" என்றார்.

நாச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறுமுகசாமி கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலடியில் வைத்தான். இருவரும் வெளியே வந்தார்கள்.

உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். பொள்ளாச்சியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது அவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

"விசிலு என்ற வாய்லதான் இருந்துச்சு" என்றான்.

"ஊதியிருக்கலாமில்லீங்க" என்றாள் அவள். "விசில ஊதவேண்டாம்னு நான் சொல்லலீங்களே."

 அவள் சொன்னது உண்மை. கூட வாருங்கள் என்றுதான் சொன்னாள். விசிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவன் பஸ் வருகிற பக்கம் போய் நின்றுகொண்டான். அதற்குப் பிறகு அவன் வள்ளத்தில் ஏறவில்லை. தினமும் காலையில் வாளையார் அணைக்கு அவள் தனியாகப் போனாள்.

ஆவணியில் வங்காளத்துக்கும் அவன் வரவில்லை. கடலை பிடுங்க வேண்டும் என்றான். ஏசுரத்தினம்தான் கூட்டிப்போனார். அவளுக்கு வாய்த்த வள்ளக்காரருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. சைகையால்தான் கூழ் வாங்கினாள்.

கலங்கல் வெள்ளம் இழுத்துக்கொண்டு ஓடிய அந்த ஆற்றில், எந்த இடத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும், வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. மத்தியானத்துக்குள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த பெண்ணை எட்டிவிட்டாள். பலமான பெண். அவள் காலடியில் புகுந்துகொண்டால் தோளுக்கு ஓய்வு கிடைக்கும், கடைசியில் தாண்டிவிடலாம். நாச்சம்மாள் புகுந்தாள். நுரையைக் கிளப்பிக்கொண்டு இரண்டு பாதங்கள் முகத்துக்கு முன்னால் அடித்தன. அவளால் அங்கே இருக்க முடியவில்லை. அந்தக் கால்கள் எப்போது நிற்கும் என்று பார்த்தபடியே தான் நீந்துவது அவளுக்கே தெரிந்தது. விலகி ஆற்றின் நடுவுக்குப் போனாள். மறுபடியும் முயன்று பார்த்தாள், மறுபடியும் விலகினாள். கடைசிவரை தன் கையாலேயே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாள். தோள் கழன்றுவிடும்போல ஆயிற்று. மூன்றாவதாகக் கரை சேர்ந்தாள்.

மூன்றாவது என்பதே பெரிய காரியம்தான். பேப்பரில் படம் வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் என்று எழுதியிருந்தார்கள். வேலந்தாவளத்தில் மாலை போட்டார்கள். பிறகு தேவிகுளத்திலும் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். தேர்வு நடந்த ஊர், வராமல் இருக்கக்கூடாது என்று ஏசுரத்தினம் வற்புறுத்தவே அவள் போனாள்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது, தேயிலைக் காட்டு வளைவில் ராமுத்தாய் நின்றிருந்தாள். இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, முதுகில் கூடையோடு கொழுந்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். நாச்சம்மாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஏறும்போது மட்டும் இரைப்பு வருகிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றாள். மறுபடியும் இறங்கலாமே, இன்னும் எவ்வளவு வயசு இருக்கிறது என்று நாச்சம்மாள் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

"எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றாள் ராமுத்தாய்.

நாச்சம்மாள் என்ன என்று கேட்கவில்லை.

"அண்ணன் தூக்கவான்னு கேட்டாக. நீங்க வேணாம்னிக. கை கால் வரலையே தவிர, காது கேட்டுச்சு."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"இல்ல. அவரு தன் தப்புன்னு நெனச்சு, குடிய விட்டுட்டாரு. சொன்னா மறுபடி குடிப்பாரு." கூடைப் பட்டையைச் சரி செய்துகொண்டாள். பிறகு சொன்னாள்: "ஒங்கள வையணும்னுதான்க்கா வந்தேன். வாரப்ப வழியெல்லாம் ஒண்ணு தோணுச்சு. நானும் ஒங்க வயசு வரைக்கும் நீந்தியிருந்தா, கூட நீந்துற ஒரு சின்னப் புள்ள நின்னுபோனா, திரும்பியிருப்பேனான்னு. தெரியலக்கா. அது தெரிய வேணாம்னுதான் நான் எறங்கல."

கீழே ஃபாக்டரியில் சங்கு ஊதியது. கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் இறக்கத்தில் போனாள். நடுவில் ஒரு தடவை இருமுவதற்காக நின்றாள். நாச்சம்மாள் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை அந்த வளைவிலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும், அந்தப் பிள்ளையைப் பார்த்தாயா என்று ஆறுமுகசாமி கேட்டான். பார்த்தேன், சௌக்கியமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

மறு வருஷம் சங்கத்தில் சொன்னபடியே செய்தார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிடவில்லை. அவள் கேட்கவும் இல்லை. சில நாள் அணைக்குப் போவாள். இறங்காமல் கரையில் உட்கார்ந்துவிட்டு வருவாள். வள்ளத்தை ஆறுமுகசாமி மீன்பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டான்.

ஊரில் மட்டும் பேச்சு ஓயவில்லை. வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு அவன் போகும்போதெல்லாம் யாராவது பிடித்துக்கொள்வார்கள். பேரூரிலிருந்து வந்த குப்பண்ணன் என்ற தரகர் ஒருநாள், அத்தனை சின்னப் பிள்ளைகளை இந்த வயதில் உன் பெண்டாட்டி எப்படித்தான் முந்தினாள் என்று கூட்டத்துக்கு நடுவே கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் கேட்கத் திரும்பினார்கள்.

ஆறுமுகசாமி ஒரு காளையின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அனுபவமுங்க" என்றான். "அவளுக்கு நெம்ப அனுபவம்."